கிளாண்டெஸ்டைன்: யாரிடமிருந்து மறைப்பது?

‘கிளாண்டெஸ்டைன்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் செய்திகளில் பார்க்கும்போது உளவாளிகளும் ஆயுதக் கிடங்குகளும்தாம் நினைவுக்கு வருகின்றன. ‘இரகசியமான’ என்று அதற்குப் பொருள் சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது என்பது என் உறுதியான கருத்து. நாம் வாக்களிப்பது இரகசியம். நோயாளி மருத்துவரிடம் சொல்வதும் இரகசியம். இவற்றை யாரும் அந்தச் சொல்லால் குறிப்பதில்லை.

அதன் வேர், ‘மறைவாக’ என்று பொருள்படும் ‘கிளாம்’ என்ற இலத்தீன் சொல். ரோமானியச் சட்ட அறிஞர்கள் அதற்கு மிக நுட்பமான விளக்கம் தந்தார்கள். நிலத்தில் ஒரு வேலையைச் செய்பவன், தகராறு வரும் என்று அஞ்சியோ, அஞ்சியிருக்க வேண்டிய நிலையிலோ, எதிராளிக்குத் தெரிவிக்காமல் மறைத்துச் செய்தால் அது ‘கிளாம்’ ஆகும். ஊருக்குத் தெரியுமா என்பதைவிட, தட்டிக்கேட்கக்கூடியவனுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டதா என்பதையே அவர்கள் பார்த்தார்கள்.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், நெடுங்காலம் திருமணத்தோடு ஒட்டியிருந்தது. இருவர் மனமொத்து உறுதி கூறினாலே திருமணம் செல்லும் என்று திருச்சபைச் சட்டம் ஏற்றிருந்த காலத்தில், சாட்சியில்லாமல் வாக்குக் கொடுத்தவன் பின்னர் மறுத்துவிட்டால், நம்பி வந்த பெண் அதை மெய்ப்பிக்க வழியில்லாமல் நின்றாள். பங்குக்குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்ததை நான் நியாயமென்றே கருதுகிறேன்.

இங்கிலாந்தின் 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தைப் பற்றி அப்படி முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அதன் முழுப் பெயரிலேயே இந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. லண்டனின் ஃப்ளீட் சிறையைச் சுற்றிப் பாதிரியார்கள் காசு வாங்கிக்கொண்டு நடத்திவந்த திருமணங்களை அது நிறுத்தியது, அது நன்மையே. ஆனால் 21 வயது நிரம்பாதவர்கள் உரிமம் பெற்று மணமுடிக்கப் பெற்றோரின் சம்மதத்தையும் அது கட்டாயமாக்கியது. சொத்துள்ள குடும்பங்களின் அச்சம் அதில் தெரிகிறது. அச்சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் எல்லையோர ஊரான கிரெட்னா கிரீனுக்குக் காதலர்கள் ஓடியதை, கைவிட்டுப்போனவனின் மறைப்போடு ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. முன்னவர்கள் மறைத்தது தங்களைத் தடுக்க நினைத்தவர்களிடமிருந்து. பின்னவன் மறைத்ததோ தன்னை நம்பியவளுக்கே கேடாக முடிந்தது.

ரோமானியரின் அந்த அளவுகோல் நிலச் சட்டத்தில் இன்னும் வாழ்கிறது. பிறர் நிலத்தின் வழியே நடந்துவந்தவர், பலவந்தம் இன்றியும் மறைவு இன்றியும் அனுமதி கேளாமலும் 20 ஆண்டுகள் நடந்திருந்தால் பாதை உரிமை கோரலாம் என்கிறது இங்கிலாந்துச் சட்டம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும், அமைதியாகவும் வெளிப்படையாகவும் 20 ஆண்டுகள் இடைவிடாமல் உரிமையோடு அனுபவித்திருக்க வேண்டும் என்றே கேட்கிறது. நில உரிமையாளர் ஆட்சேபிக்க வாய்ப்பே இல்லாதபடி இரவில் ஒளிந்து நடந்தவருக்கு, எத்தனை ஆண்டுகள் நடந்திருந்தாலும் அந்த உரிமை கிடைக்காது.