மணிக்கூடு இல்லாத பெட்டிக்கு நேர சேர்வர் எண்டு பெயர்!

கரண்ட் போய் வந்த அண்டைக்கு சிசிரிவி ரெக்கோடிங்கைத் திறந்தால், மத்தியானம் நடந்தது விடியக்காலமை நடந்த மாதிரிக் கிடக்குது. வீட்டில "பாதுகாப்பான நேர சேர்வர்" எண்டு, வீட்டுச் சாமான்களுக்குச் சரியான நேரம் சொல்லப் பூட்டின பெட்டி லைற் எரிஞ்சபடி நல்லாத்தான் நிக்குது. பூட்டித் தந்தவையைக் கேட்டால் "இன்ரர்நெற் வந்தாப் பிறகு தானாச் சரியாகும்" எண்டு சொல்லினம். இன்ரர்நெற் வந்தால்தான் நேரம் தெரியும் எண்டால் அந்தப் பெட்டி என்னத்துக்கு? கமராப் படத்தைப் பதியிற டிவிஆரே இன்ரர்நெற்றில நேரடியாக் கேட்டு எடுத்திருக்குமே!

யாழ்ப்பாணத்தில இந்த வேலை செய்து காசு வாங்கிற ஆக்களிட்டக் கேக்கிறன்: நீங்கள் பூட்டுற றாஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்ட்டில மணிக்கூடு இருக்கோ எண்டு ஒருக்கா எண்டாலும் பாத்தனீங்களோ? பை 4 வரைக்கும் அதில ஆர்ரிசி, அதாவது கரண்ட் இல்லாட்டிலும் பற்றரியில ஓடுற மணிக்கூடு, கிடையவே கிடையாது. ஓஎஸ் இடைக்கிடை நேரத்தை ஒரு ஃபைலில எழுதி வைக்கும், திரும்ப எழும்பேக்க அதிலயிருந்து எண்ணத் தொடங்கும், அவ்வளவுதான். நாலு மணித்தியாலம் கரண்ட் இல்லாட்டில் குறைஞ்சது நாலு மணித்தியாலம் பிந்தித்தான் எழும்பும். பை 5இல ஆர்ரிசி இருக்கு, ஆனால் பற்றரி இல்லாமல்தான் பெட்டியில வரும். பவர் குத்துற இடத்துக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன ரெண்டு பின் சொக்கற்றுக்குப் பற்றரியைத் தனியா வாங்கிக் கொழுவ வேணும். றீசார்ஜ் பற்றரி போட்டால் சார்ஜ் ஏத்துறதையும் கொன்ஃபிக் ஃபைலில நாங்கள்தான் ஓன் பண்ண வேணும், தொடக்கத்தில அது ஓஃப். இதையெல்லாம் எத்தினை பேர் செய்யினம்?

இதுக்கு மேல ஒரு கொடுமை. நேரத்தைப் பாக்கிற குரோனி எண்ட புரோகிராமின்ர கொன்ஃபிக்கில "லோக்கல் ஸ்ட்ராட்டம் 10" எண்ட வரியைக் கொப்பி பண்ணிப் போட்டு விடுகினம். இன்ரர்நெற் இல்லாட்டிலும் வீட்டுச் சாமான்களுக்கு நேரம் குடு எண்டுறதுதான் அதின்ர அர்த்தம். மணிக்கூடு உள்ள பெட்டிக்கு அது அருமையான வரி. மணிக்கூடு இல்லாத பெட்டிக்கு அதைப் போட்டால், பழைய நேரத்தோட எழும்பின பை, ஃபைபர் றூட்டர் எழும்பி லைன் பிடிக்க முதலே, கேக்கிற எல்லாத்துக்கும் பிழை நேரத்தை அள்ளிக் குடுக்கும். டிவிஆரும் நம்பி எடுக்கும். பல டிவிஆரில திரும்பக் கேக்கிற இடைவெளி 1440 நிமிசம் எண்டு கிடக்கும். அப்ப ஒரு நாள் முழுக்கப் பிழை நேரம்தான். ஆர்ரிசி பூட்டாத போர்ட்டில அந்த வரியை வைக்காதேங்கோ. டிவிஆர் இடைவெளியை 60 நிமிசத்துக்குக் குறையுங்கோ.

டிஎஸ்3231 எண்ட ஒரு ஆர்ரிசி மொடியூல் போட என்ன கேடு? நாலு வயர்தான். விசிசி (பவர்) 1ஆம் பின்னுக்கு, எஸ்டிஏ (டேட்டா) 3க்கு, எஸ்சிஎல் (குளொக்) 5க்கு, கிரவுண்ட் 6க்கு. பக்கத்தில இருக்கிற 2ஆம் பின் 5 வோல்ற், அதில விசிசியைக் குடுக்கக் கூடாது. குடுத்தால் மொடியூலில இருக்கிற புல்லப் றெசிஸ்டர் டேட்டா லைனை 5 வோல்ற்றுக்கு இழுக்கும், பையின்ர பின் தாங்குறது 3.3 மட்டும்தான். அதோட, சந்தையில கிடைக்கிற மலிவான நீலப் போர்ட்டில சார்ஜிங் சேர்க்கிட் ஒண்டு இருக்கு. சாதாரண சிஆர்2032 பற்றரியைப் போட்டு 5 வோல்ற் குடுத்தால், சார்ஜ் ஏத்தக் கூடாத பற்றரிக்கு சார்ஜ் ஏறும், ஊதும், ஒழுகும். டயோட்டுக்குப் பக்கத்தில 201 எண்டு எழுதின றெசிஸ்டரைக் கழட்டி விட்டால் அந்தப் பயமும் இல்லை.

பிறகு அந்த வயர் லைனை (ஐ2சி) ஸ்கான் பண்ணினால் மொடியூலின்ர முகவரி 68 எண்டு தெரிய வேணும். பையின்ர கொன்ஃபிக்கில, ஆர்ரிசி இருக்கு எண்டு ஓஎஸ்ஸுக்குச் சொல்லிற ஓவர்லே வரியைப் போட்டு றீபூட் பண்ணினால் அதே இடத்தில யுயு எண்டு வரும், ஓஎஸ் அதை எடுத்துட்டுது எண்டு அர்த்தம். நேரத்தை ஃபைலில எழுதி வைக்கிற ஃபேக் எச்டபிள்யூ குளொக் எண்ட புரோகிராமைக் கழட்டுங்கோ. குரோனியில ஆர்ரிசிசிங்க் வரி இருந்தால் நேரம் பொருந்தி இருக்கேக்க 11 நிமிசத்துக்கு ஒருக்கா ஓஎஸ்ஸின்ர கேர்னல் நேரத்தை ஆர்ரிசிக்கு எழுதும். இந்த சிப் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில ரெண்டு பங்கு பிழை) காரன், நாளுக்கு 0.17 செக்கன்தான் விலகும். கரண்ட் ஒரு கிழமை போனாலும் பிழை ரெண்டு செக்கனைத் தாண்டாது.

இனி "பாதுகாப்பு" எண்ட கதைக்கு வருவம். நேரம் கேக்கிற சாதா முறைக்கு என்ரிபி எண்டு பெயர், நேரம் உண்மையான சேர்வரிட்ட இருந்துதான் வந்தது எண்டு உறுதிப்படுத்திற அதின்ர பாதுகாப்பு முறைதான் என்ரிஎஸ். அது 2020இல ஆர்எஃப்சி 8915 எண்ட இன்ரர்நெற் தரமா வந்தது, குரோனி 4.0இல இருந்து இருக்கு. முதல் ரிசிபி 4460ஆம் போர்ட்டில ரிஎல்எஸ் (குறியாக்கின தொடர்பு) போட்டுச் சாவி வாங்கும், பிறகு யுடிபியில நேரம் கேக்கும். ரிஎல்எஸ்ஸில சேர்வர் காட்டிற சேர்ட்டிஃபிக்கேற்றுக்குத் தொடக்க, முடிவுத் திகதி இருக்கு, அதைச் சரிபாக்க நேரம் தெரிய வேணும். மாசக்கணக்காப் பூட்டிக் கிடந்த வீட்டில பையைப் போட்டால், அதின்ர திகதிக்கு இப்பத்தைய சேர்ட்டிஃபிக்கேற் இன்னும் பிறக்கவே இல்லை. ரிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது தொடர்பின்ர தொடக்கம், விழுந்துடும். உடன "என்ரிஎஸ் சரிவராது" எண்டு சொல்லிச் சாதா என்ரிபிக்கு மாத்தி விடுகினம்! இல்லாட்டில் "நோசேர்ட்டைம்செக்" போட்டுத் திகதிப் பரிசோதனையையே நிப்பாட்டி விடுகினம். காலாவதியான சேர்ட்டிஃபிக்கேற்றை வைச்சிருக்கிறவனுக்குக் கதவைத் திறந்து விடுற வேலை அது. ஆர்ரிசி இருந்தால் இந்த ரெண்டும் தேவையில்லை.

என்ரிஎஸ் போட்டதாச் சொல்லிற வீடுகளிலயும் போய்ப் பாருங்கோ. பையின்ர ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியனோட வந்த, பொது நேர சேர்வர் கூட்டத்தை (என்ரிபி பூல்) காட்டிற பழைய பூல் வரி அப்பிடியே கிடக்கும். என்ரிபி பூலில என்ரிஎஸ் இல்லை. றூட்டர் வலை முகவரி குடுக்கேக்க (டிஎச்சிபி) சொல்லிற சேர்வரை எடுக்கிற சோர்ஸ்டிர் வரியும் கிடக்கும். ரெண்டையும் வெட்டுங்கோ. கிளவுட்ஃப்ளேர், சுவீடனின்ர நெற்நொட், ஜேர்மனியின்ர பிரிபி எண்டு குறைஞ்சது மூண்டு வேற வேற இடத்து என்ரிஎஸ் சேர்வரைப் போட்டு, உறுதிப்படுத்தாத சேர்வரை எடுக்காத மாதிரி ஓத்செலக்ட்மோட்டை "றிக்வயர்" ஆக்குங்கோ. பிறகு சூடோவோட (நிர்வாக அனுமதியோட) குரோனிசி கட்டளையில ஓத்டேட்டா பாருங்கோ. கீ (சாவி) நீளம் 256 அல்லது 128, குக்கி (ஒவ்வொரு கேள்வியோடயும் போற சீட்டு) 8 எண்டு இருந்தால் சரி. ரெண்டும் 0 எண்டால் சாவியே வரேல்ல, 4460 அடைபட்டிருக்கு அல்லது திகதி பிழை. சாவி வந்தும் றீச் (வந்த பதில்களின்ர கணக்கு) 0 எண்டால் லைன் குடுக்கிறவையின்ர வடிகட்டல்தான் காரணமா இருக்கும். சாதா என்ரிபி பக்கெற் 48 பைற், என்ரிஎஸ் அதைவிட நல்லாப் பெருசு. என்ரிபி ஓடுற 123ஆம் போர்ட்டில பெரிய பக்கெற்றைத் தாக்குதல் எண்டு நினைச்சுக் கொட்டுற நெட்வேர்க்குகள் இருக்கு. வேற போர்ட் சொல்லிற என்ரிஎஸ் சேர்வரைத் தேடிப் போடுங்கோ. அதுக்காக என்ரிஎஸ்ஸைக் கழட்டி எறியாதேங்கோ.

டிவிஆருக்கு என்ரிஎஸ் தெரியாது, வீட்டுக்குள்ள சாதா என்ரிபிதான் போகும். அதால குரோனியில ஆர் நேரம் கேக்கலாம் எண்டு சொல்லிற எலோ வரியில உங்கட 192.168 வலையை மட்டும் குடுங்கோ. றூட்டரில 123ஐ வெளியில திறந்து விடுறதுக்கு ஒரு காரணமும் இல்லை. நேரம் சரியா 30 நிமிசம் விலகி நிண்டால் சேர்வரைத் திட்டாதேங்கோ, டிவிஆரில நேர வலயம் +6:00 எண்டு போட்டிருக்கும். இலங்கை 2006 ஏப்ரலில திரும்ப +5:30க்கு வந்துட்டுது, பழைய டிவிஆருகளின்ர பட்டியலுக்கு அது தெரியாது.

செய்மதியில இருந்து நேரம் எடுக்க ஜிபிஎஸ் பூட்டுறதும் நல்லது, செக்கனுக்கு ஒருக்கா அடிக்கிற பிபிஎஸ் பின் வெளியில வந்த மொடியூலாப் பாத்து எடுத்து 12ஆம் பின்னில குடுங்கோ. ஆனால் தட்டு வீட்டுக்கு நடுவில வைச்சுப் போட்டு சிக்னல் இல்லை எண்டு அழக் கூடாது, அன்ரெனா வானம் பாக்க வேணும். ஜிபிஎஸ் சிக்னலைப் போலியா அனுப்பலாம், அதால அது என்ரிஎஸ்ஸுக்குப் பதிலாகாது.

பூட்டி முடிச்சவை காசு வாங்க முதல் வீட்டுக்காரருக்கு ஒண்டைச் செய்து காட்ட வேணும். பையின்ர பிளக்கை இழுத்துக் கழட்டுங்கோ, றூட்டரின்ர ஃபைபர் வயரையும் கழட்டுங்கோ. ஒரு மணித்தியாலம் விட்டு, ஃபைபர் இல்லாமலே பையின்ர பிளக்கை மட்டும் திரும்பப் போடுங்கோ. டிவிஆரில நேரம் கேட்டு, கைத்தொலைபேசியோட ஒப்பிடுங்கோ. பொருந்தேல்ல எண்டால் வேலை முடியேல்ல, காசு கேக்காதேங்கோ.