அந்தத் திரையை விலக்கச் சொன்னது யார்?

அந்தத் தேத்தண்ணிக் கடை வீடியோவை எனக்கு இதுவரை ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த மனிசர் அப்படி என்ன செய்துவிட்டார்? நோன்பு மாதம் என்று கடைக்காரர் கட்டிய திரைக்கு உள்ளே, சுவரைப் பார்த்துக் குந்திக்கொண்டு ஒரு பிளேன்ரீ குடித்தார். திரையை விலக்கியது நீங்கள். ஃபோனை நீட்டியதும் நீங்கள். இப்போது "நோன்பாளிகளின் மனதைப் புண்படுத்திட்டான்" என்று எழுதுகிறவர்களும் நீங்கள்தான்.

"நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன்" என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. அவனுக்குரியதில் நீங்கள் ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள்?

"அப்ப பர்ளான நோன்பை விடச் சொல்றீங்களா ராத்தா?" என்று வருவீர்கள். இல்லை. ஹிஜ்ரி 2இல் கடமையானது, இன்றும் கடமை. நானும் பிடிக்கிறேன், என் பிள்ளைகளும் பிடிக்கிறார்கள். ஆனால் நிய்யத் என்ற மன எண்ணம் இல்லாமல், ஊருக்குப் பயந்து கிடந்த பசி நோன்பாகுமா? பட்டினி போட ஆளைக் கட்டாயப்படுத்தலாம். நோன்பு பிடிக்க வைக்க உங்களால் முடியாது.

"அந்தாள் சீனி வருத்தக்காரராம், விடுங்க" என்று நீரிழிவைச் சொல்லிச் சிலர் இரக்கப்படுகிறார்கள். அது இன்னும் சுடுகிறது. வருத்தம் இல்லாவிட்டால் ஏசலாமா? கிளினிக் கொப்பியை உங்களிடம் காட்டிவிட்டா ஒருவர் வாயை நனைக்க வேண்டும்? ரமழானில் நபியவர்களோடு பயணம் போன சஹாபாக்களில் நோன்பு பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

என் வாப்பாவுக்கும் சீனி வருத்தம், ஊசி போடுகிறவர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம். ஒரு நோன்பு நாள், திருகோணமலை கிளினிக்குக்குப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவையில், கடக்கிறோம். டொக்டர் சொன்னபடி வாப்பா நோன்பில்லை. பாதை பிந்திவிட்டது. அவருக்குச் சீனி இறங்கி வேர்க்கத் தொடங்கியது, விரல் நடுங்கியது. சட்டைப் பைக்குள் டொஃபி இருந்தது. பைக்குள்ளேயே அவர் பேப்பரை உரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எதிரில் நம்மூர் ஆட்கள் நின்றார்கள். கையை வெறுமனே வெளியே எடுத்தார். அக்கரையில் கால் வைத்ததும் முழங்கால் மடிந்து மண்ணில் இருந்துவிட்டார். கடை வைத்திருந்த ஒரு தமிழ் அண்ணன் ஓடி வந்து, தலையைத் தாங்கிச் சோடா பருக்கினார். முதல் மிடறு இறங்கியதும் வாப்பா செய்த முதல் வேலை, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தது.

"அரபு நாடுகளில் பிடித்து உள்ளே போடுவான்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆம், குவைத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பகலில் பொது இடத்தில் சாப்பிட்டால் அபராதமும் சிறையும். துபாயில் 2021இல் சாப்பாட்டுக் கடைகளுக்குத் திரை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். நம் இலங்கை நாட்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. உங்களுக்கு இந்த வேலையைத் தந்தது யார், தம்பி?

பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மாதவிடாய் வரும் அந்த நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாது என்பது மார்க்கம். ஆனாலும் குசினிக் கதவைச் சாத்தி, நின்றபடி நாலு வாய் சோறு. நானாவின் செருப்புச் சத்தம் கேட்டால் கோப்பை அடுப்புக்குப் பின்னால் போகும். வேலைத்தலத்தில் ஆண்கள் "நோன்பா?" என்று கேட்பார்கள். ஓம் என்று தலையாட்டுவோம். பொய்ப் பேச்சை விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று சொல்லப்பட்ட மாதத்தில் எங்களைப் பொய் சொல்ல வைக்கிறீர்கள். விட்ட நோன்பைப் பிறகு தனியாகக் களாச் செய்கிறோம். அப்போது பள்ளிவாசல் கஞ்சியும் இல்லை, சஹருக்கு எழுப்ப ஆளும் இல்லை. அந்த நோன்பை வந்து யாரும் விசாரிப்பதில்லை.

அந்த வீடியோவை அழியுங்கள். அந்த மனிசருக்கும் வீட்டில் ஒரு மகள் இருக்கலாம். அவளுக்கும் இதை ஐந்து பேர் அனுப்பியிருப்பார்கள்.