துண்டு வந்திருக்கிறது

அத்தை: தம்பி, வி.ஏ.ஓ. சார் வந்திருக்கிறாரா?

தலையாரி: வந்திருக்கிறாரே. நாற்காலியில் துண்டு கிடக்கு பாருங்க.

அத்தை: துண்டு திங்கட்கிழமையே வந்துவிட்டதே. நான் கேட்டது துண்டுக்குச் சொந்தக்காரரை.

தலையாரி: அவர் ஃபீல்டில் இருக்கிறார் அத்தை.

அத்தை: வயலிலா? அங்கேயிருந்துதானே வருகிறேன். நாலு கொக்கு நின்றது. வேறு யாரும் இல்லையே.

தலையாரி: ஐயோ, அந்த ஃபீல்டு இல்லை. வெளிவேலை.

அத்தை: வயலுக்கே போனாலும் நல்லதுதான். எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற அடங்கல் கணக்கை வயலைப் பார்த்துத்தானே எழுதணும்? போன வருஷம் நான் உளுந்து போட்ட கொல்லையில் சவுக்கு என்று எழுதிக்கொடுத்தார். உட்கார்ந்த இடத்திலேயே மரம் வளர்த்த புண்ணியவான்.

தலையாரி: அவருக்கு மூணு ஊர் அத்தை. இரண்டு ஊர் கூடுதல் பொறுப்பு. பாவம், ஒத்தை ஆள்.

அத்தை: சரி, அந்த ஊர்களுக்கும் இதே துண்டுதானா?

தலையாரி: இல்லை, அங்கங்கே தனித்துண்டு.

(பதில் சொன்ன பிறகுதான் தலையாரிக்கு உறைத்தது. எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். அதுவரை அது துண்டுக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.)

அத்தை: வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு என்று பேரன் சொன்னான். இவர் எத்தனை எடுத்திருக்கிறார்?

தலையாரி: ஒண்ணுகூட எடுக்கலை!

அத்தை: எப்படி எடுப்பார்? லீவு எழுதிக்கொடுக்கவாவது ஆபீசுக்கு வரணுமே.

தலையாரி: நாளைக்கு வாங்களேன்.

அத்தை: நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி ஆறு நாளாகிறது. இவர் கையெழுத்துப் போட்ட அடங்கல் இல்லாமல் பிடிக்கமாட்டார்கள். ராத்திரி பனி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கும் பிடிக்கமாட்டார்கள். விடிந்ததும் தார்ப்பாயைப் பிரித்து, காலால் கிளறி, காயவைத்து, இருட்டினதும் மூடி, அது பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிறேன். என் துண்டை நெல்மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், நான் அங்கே இருப்பதாக எழுதிக்கொள்வார்களா?

தலையாரி: அதெப்படி அத்தை? ஆள் இருக்கணும்.

அத்தை: அதைத்தான் கேட்டேன்.

தலையாரி: சாரைத் தப்பாக நினைக்காதீங்க. ஊரிலேயே குடியிருக்கணும் என்று விதி. அதன்படி இந்த ஊரில்தான் இருக்கிறார்.

அத்தை: இந்த ஊரிலா? எந்தத் தெருவில்?

தலையாரி: விலாசத்தில்.

அத்தை: அங்கேயும் ஒரு துண்டு போட்டிருப்பாரே.

தலையாரி: எத்தனை தடவைதான் துண்டு, துண்டு என்பீங்க? சரி, வியாழன், சனி எப்ப வேணுமானாலும் வந்து பாருங்க. வெள்ளிக்கிழமை மட்டும் வராதீங்க.

அத்தை: ஏன்?

தலையாரி: அன்றைக்குத் துண்டைத் துவைக்க எடுத்துப்போகிறேன்.

அத்தை: அப்போ வெள்ளிக்கிழமை சார் லீவு என்று வாசலில் எழுதிப்போடு.