பத்தொன்பது வயதுப் பெறுபேறும் முப்பது வயது விருப்பமும்

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வேலையை விட்டுவிட்டு மருத்துவம் படிக்க வழியுண்டா என்று பார்க்கப்போகிறேன் என வீட்டில் சொன்னபோது, அம்மா கேட்ட முதற் கேள்வி, "பிள்ளை, உன்ரை றிசல்ற்றுக்கு ஆர் எடுப்பினம்?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் பல நாட்களாக மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று தடவையும் தோற்றினேன். மூன்றாம் தடவையில் உயிரியலுக்கும் பௌதிகவியலுக்கும் திறமைச் சித்தியும் இரசாயனவியலுக்குச் சாதாரண சித்தியும் கிடைத்தன. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியை, அதாவது பாடங்களை ஒப்பிடத்தக்கதாகச் சமப்படுத்திய புள்ளியை, வைத்தே நடக்கிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. என்னுடைய புள்ளி யாழ். மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. மூன்று தடவைக்கு மேல் எழுதினால் அது அனுமதிக்குக் கணக்கில் வராது. பிறகு வெளிவாரியாக வணிகப் பட்டம் படித்து இந்த வேலைக்கு வந்தேன்.

போன வருடம் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வைத்தியசாலை விடுதியில் இருந்த ஓர் இரவில், உள்ளகப் பயிற்சியிலிருந்த இளம் வைத்தியர் ஒருவர், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினின் இரத்தத்தில் ஏன் ஏறுகிறது என்பதை ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்குழாயான சிறுநீரகத்தியை வரைந்து விளங்கப்படுத்தினார். அவர் கோடு போடும்போதே அடுத்த வளைவு எங்கே திரும்பும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அலுமாரியின் அடித்தட்டிலிருந்த ரியூசன் கொப்பிகளை எடுத்தேன். அன்றிலிருந்து காலை நாலரை மணிக்கு எழும்பிப் படிக்கிறேன்.

முகவர் நிலையம் ஒன்றுக்கும் போனேன். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க உயர்தரத்தில் இரண்டு திறமைச் சித்தியும் ஒரு சாதாரண சித்தியும் போதும், உங்களுக்குத் தகுதி இருக்கிறது, பணத்தைக் கட்டினால் அடுத்த தவணையிலேயே போகலாம் என்றார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்கிறதா என்பதையும், திரும்பி வந்து மருத்துவ சபையின் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடைந்த பிறகே ஒரு வருட உள்ளகப் பயிற்சிக்குப் போகலாம் என்பதையும் நானாகக் கேட்கும்வரை அவர்கள் சொல்லவில்லை. வங்கியில் என் மேசைக்கு வடமராட்சியிலிருந்து ஒரு தகப்பன் வந்திருந்தார். துணிக்கடைப் பையிலிருந்து காணி உறுதியை எடுத்து, மடிப்புகள் கிழியாமல் இரண்டு கையாலும் விரித்து வைத்தார். மகனின் மருத்துவப் படிப்புக்கு அந்தக் காணிதான் ஈடு. என் அப்பாவின் உறுதியை அந்த மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைத் துணிவின்மை என்று யாரும் சொன்னால் ஏற்க மாட்டேன்.

நான் கேட்பது வேறொன்று. அவுஸ்திரேலியாவில் 1996 இல் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களை மருத்துவத்துக்கு எடுக்கும் முறையைத் தொடங்கியது. இன்று அங்கே பல மருத்துவ பீடங்களில் பட்டப்படிப்பின் புள்ளி, விஞ்ஞானத்தோடு எழுத்தையும் தர்க்கத்தையும் சோதிக்கும் கம்சற் என்ற தனிப் பரீட்சை, நேர்முகம் ஆகிய மூன்றையும் பார்த்து எடுக்கிறார்கள். பிரித்தானியாவிலும் பட்டதாரிகளுக்கு நான்கு வருடப் பாடநெறிகள் உண்டு. புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளின் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் இந்த வழி, 1978 முதல் மருத்துவ பீடம் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஏன் இல்லை?

இது புள்ளி குறைந்தவர்களுக்கான குறுக்குவழி என்பார்கள். உயர்தரத்துக்குக் குறையாத கடுமையுடன் அந்தப் பரீட்சை இருக்கட்டும், தோற்றால் ஏற்றுக்கொள்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் இடத்தைப் பறிக்கிறோம் என்ற மறுப்புத்தான் என்னை உண்மையில் யோசிக்கவைத்தது. அவர்களின் ஒதுக்கீட்டில் ஓர் இடம்கூடக் குறையக்கூடாது. விரிவுரையாளர்களும் பயிற்சிக்கான வைத்தியசாலைக் கட்டில்களும் கூடும்போது, கூடும் இடங்களில் ஒரு சிறு பங்கையே கேட்கிறேன். அதிலும் தாதியருக்கும் மருத்துவ ஆய்வுகூடப் பட்டதாரிகளுக்கும் முதலில் வாய்ப்புக் கொடுத்தால் எனக்கு வருத்தமில்லை. நோயாளியோடு அவர்கள் என்னைவிட நெடுநாள் நின்றவர்கள்.

இவ்வளவையும் ஒரு கடிதமாக எழுதிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பவிருக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் சேர்ந்து கையொப்பமிட விரும்பினால் எனக்கு எழுதுங்கள். இரசாயனவியலில் கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். காபன் சேர்வைகளைப் பற்றிய சேதனப் பகுதி இன்னும் சரிவரவில்லை.