கைவேலையாம், கைவேலை!

எட்டு வருடச் சீட்டுப் பணம், மூன்று லட்சம், வாட்ச்சாக மணிக்கட்டில் ஏறியது. அந்த சுவிஸ் கம்பெனி கொடுத்த வழவழ புத்தகத்தில், யார் கண்ணுக்கும் படாத பாகத்தைக்கூடக் கையால் மெருகேற்றுகிறோம் என்று போட்டிருந்தான். கண்ணுக்குப் படாது என்ற தைரியம்தான், வேறென்ன!

வாரன்டி முடிந்த மறுமாதமே நாளுக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. கொச்சி சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகைக்கு செங்கோட்டையில் பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். சரி என்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சியிடம் போனேன்.

பின்மூடியைக் கழற்றினார். கண்ணில் லென்ஸைச் செருகினார். "ம்" என்றார். என்ன அண்ணாச்சி? பதில் இல்லை. டீ வந்தது. லென்ஸோடே குடித்தார். மறுபடி "ம்". சக்கரங்களைத் தாங்கும் தகடு, 'பிரிட்ஜ்' என்பார்கள், அதில் ஒன்றைக் கழற்றி, இடுக்கியில் பிடித்து, விளக்கடியில் திருப்பினார். இன்னொரு "ம்". ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவன் மாதிரி நான். "எவ்வளவு குடுத்தீய தம்பி?" சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜென்மத்துக்கும் மறக்காது.

லென்ஸை என்னிடம் நீட்டினார். மேல்பக்கம் கோடு கோடாகப் பளபளப்பு. அடியில்? அச்சில் வெட்டிய பிசிறு அப்படியே நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு கைரேகை, அரைக் கட்டைவிரல், வரி வரியாக. கைவேலை என்று சொன்னது பொய்யில்லை. கை வைத்திருக்கிறார்கள்!

ஜெனீவாவில் 1886லேயே இதற்குச் சட்டம் போட்டு முத்திரை வைத்தார்கள். ஓரத்தைச் சாய்வாக அராவி மெருகிடாத மெஷினுக்கு அந்த முத்திரை கிடையாது. உள்ளே மடங்கும் கூர்மூலைக்கு இன்றைக்கும் அரம் பிடித்த கைதான் வேண்டும். அந்த மனுஷர்களின் பேரில் இவன் கல்லா கட்டுகிறான். 'சுவிஸ் மேட்' போட, மெஷின் சுவிஸாக இருந்து, அங்கேயே கூட்டுக்குள் பூட்டி, செலவில் 60 சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும். பிசிறு எடுத்தாயா என்று யாரும் கேட்பதில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்களை யார் சார் திறக்கச் சொன்னது?"

ஆறுதலுக்கோ என்னவோ, சர்வீஸுக்குக் கொடுத்திருந்த அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவை அண்ணாச்சி திறந்து காட்டினார். பதினேழு கல், சாவி கொடுக்கும் ரகம். அலங்காரம் ஒன்றும் இல்லை. இருப்பதாக யாரும் சொன்னதும் இல்லை.

வெளியே வந்தால் சாரல், பசி வேறு. பரோட்டாக் கடைகள் வரிசை கட்டும் பிரானூர் பார்டருக்குப் போனேன். 1956லேயே கேரள எல்லை மேற்கே தள்ளிப்போயும் பேர் மட்டும் போகவில்லை பாருங்கள். திரும்பின பக்கமெல்லாம் 'ஒரிஜினல்', 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை'. எதில் உட்காருவது? ஏதோ ஒன்றில் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை சால்னா கேட்டால் முறைக்கிறான் ஐயா!