கரேஜியஸ்: படம் பாத்த அப்பாக்களெல்லாம் நாவலையும் படிங்க

கரேஜியஸ்ங்கற அமெரிக்க கிறிஸ்தவப் படம் 2011ல வந்துச்சுங்க, அதே வருஷம் அதே கதைய ரேண்டி ஆல்கார்ன் நாவலா எழுதுனாரு, அதாவது படத்துல இருந்துதான் நாவல். ரெண்டும் தெரிஞ்சவன்ங்கற முறைல சொல்றேன், நம்ம திருப்பூர் அப்பாக்களுக்கு படத்த விட நாவல்தான் அவசியம்.

பாக்காதவங்களுக்கு: அமெரிக்காவுல ஆல்பனிங்கற ஊர்ல நாலு போலீஸ்காரங்க, கூட ஹாவியர்னு ஒரு கட்டிட வேலைக்காரரு, எல்லாரும் நல்ல அப்பாவா இருக்கணும்னு ஒரு தீர்மானம் எழுதி கையெழுத்து போடறாங்க. படத்த எடுத்ததும் அந்த ஊரு ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபைதான், டைரக்ட் பண்ண அலெக்ஸ் கென்ட்ரிக்கே ஆடம்ங்கற மெயின் ரோல்லயும் நடிச்சிருக்காரு.

படம் ஜெயிக்கற எடம் ஒண்ணு இருக்குதுங்க, அத ஒத்துக்கணும். ஆடமோட பொண்ணு எமிலி, கார்ல பாட்டு ஓடறப்ப இறங்கி ஆடலாம் வாங்கப்பான்னு கூப்பிடறா, மனுசன் நாலு பேரு பாப்பாங்கன்னு உள்ளயே உக்காந்துக்கறாரு. அப்பறம் குடிச்சுட்டு வண்டி ஓட்டுன ஒருத்தன் இடிச்சு அந்தப் புள்ள செத்துப் போயிடுது. பின்னால ஒரு நாள் அதே புல்தரைல போயி, புள்ள கையப் புடிச்சிருக்கற மாதிரி தனியா ஆடறாரு பாருங்க, அத எந்த எழுத்தாளர் எழுதுனாலும் அவ்ளோ வராது.

ஆனா அதுக்கப்பறம் படம் ரொம்ப வேகமா ஓடுது. ரெண்டு மணி நேரம் சொச்சத்துக்குள்ள சாவு, அழுகை, தீர்மானம், மேடைப் பேச்சு எல்லாத்தையும் முடிக்கணுமில்ல, அப்படி சட்டுனு எந்த அப்பனும் எந்திரிக்க மாட்டான். நாவல்ல அந்த துக்கத்துக்குள்ள நம்மளும் கெடக்கறோம், பக்கம் பக்கமா, எந்த நேரமும் மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போலாம், திரும்பி வந்தா அது அங்கயேதான் இருக்குது. ஆல்கார்ன் 2004லயே பரலோகத்தப் பத்தி ஒரு பெரிய புஸ்தகம் எழுதுனவரு, புள்ளையப் பறிகொடுத்த வீட்ட எழுத அவரப் புடிச்சது சரியான தேர்வுன்னு நெனைக்கறேன்.

அப்பறம் ஷேன், அந்த நாலு போலீஸ்காரங்கள்ல ஒருத்தன். விவாகரத்தான ஆளு, காசு பத்தாம கைப்பத்துன போதை மருந்தத் திருடி விக்கறவன். கவனிங்க, அந்தத் தீர்மானத்துல அவனும்தான் கோட்டு போட்டு நின்னு கையெழுத்து போட்டான்! படத்துல இது ஒரு திருப்பமா வந்து போயிடுது, எனக்கு கதையோட மையமே அதுதான். கையெழுத்து அவன மாத்தல, ஜெயிலுக்குப் போன பொறகுதான் தன் பையன நெனச்சு ஒடையறான்.

இங்க பாருங்க, ஷிப்மென்ட் நேரம் வந்தா அப்பா வீட்டுக்கு வர்றப்ப புள்ளைங்க தூங்கியிருக்கும், காலைல அதுங்க ஸ்கூலுக்குப் போறப்ப இவரு தூங்குவாரு, ஞாயித்துக்கெழமையும் பார்ட்டி போன் வந்தா கம்பெனிக்கு ஓட்டம். அம்மிணி ஏதாச்சும் காட்ட வந்தா “அப்பறம் பாக்கலாம் போ கண்ணு”. வாசல்ல மட்டும் “நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்”னு யோசுவா வசனம் பளபளன்னு தொங்குது, ஆடமும் கடைசில மேடைல அந்த வசனத்தத்தான் சொல்றாரு. இவங்கள கெட்ட அப்பான்னு நான் சொல்லவே மாட்டேன், புள்ளைக்காகத்தான் ஒழைக்கறாங்க. ஆனா இவங்களுக்கு சபை ஹால்ல கூட்டமா உக்காந்து படம் பாத்து அழுதுட்டு பிரியாணி சாப்டுட்டுப் போற அனுபவம் பத்தாதுங்க. ராத்திரி தனியா, யாரும் பாக்காதப்ப, கேள்வி வந்து மேல உழுகணும். நாவல் இங்கிலீஷ்ல இருக்குது, அது வராதவங்களுக்கு காலேஜ் போற மகனோ மகளோ தெனம் கொஞ்சம் படிச்சு கதையா சொல்லட்டும், அப்படியாச்சும் ரெண்டு பேரும் ஒரே எடத்துல உக்காருவாங்கல்ல.

சபைல ஃபாதர்ஸ் டேக்கு இந்தப் படம் போடறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிஞ்சு லைட்டு போட்ட ஒடனே தீர்மான அட்டைய நீட்டி கையெழுத்து வாங்காதீங்க. அட்டைய வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க, எப்ப போடணும்னு அந்தந்த அப்பா சம்சாரம் புள்ளைங்களோட பேசி முடிவு பண்ணட்டும், ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.