முக்கோணத்துக்குள் ஓர் எண்

காரைக்குடியில் எங்கள் தெருமுனை உணவகத்தில் கோழிக் குழம்பைக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில்தான் கட்டித் தருகிறார்கள். அதன் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணோ, டப்பா பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகையால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. மிளகாய்ச் சிவப்பும் எண்ணெயும் ஊறிப்போன டப்பாவைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாலும், பழைய இரும்புக் கடைக்காரர் தண்ணீர் பாட்டில்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதைத் தள்ளிவிடுகிறார். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், அந்தக் கதிரைப் பாய்ச்சிப் பிளாஸ்டிக்கை இனங்காணும் பெரிய ஆலைகளின் தரம்பிரிக்கும் இயந்திரங்களுக்கே இது பெரும்பாலும் புலப்படுவதில்லை. வீட்டுக்கு வீடு எவர்சில்வர் தூக்குவாளி வைத்திருக்கும் ஊரில், அதைக் கொண்டுபோய் நீட்டினால் மறுத்துவிட்டு, டப்பாவுக்குத் தனியாகக் காசும் வாங்குவது என்ன நியாயம்?